விரல் நுனி அறிவிக்கும் பதற்றம்

கணினி விளையாட்டு என்றவுடன் பரபரப்பே நம் நினைவுக்கு வரும். அமெரிக்காவில் 2003ஆம் ஆண்டு வெளிவந்த ‘தி ஜர்னி டு வைல்ட் டிவைன்’ அதற்கு மாறானது. ஆடுவோர் மூன்று விரல்களில் உணரிகளை மாட்டிக்கொள்வர். அவை இதயத் துடிப்பையும், தோலில் மின்சாரம் பாயும் அளவையும் கணினிக்கு அறிவிக்கும். மனம் பதறினால் உள்ளங்கை வியர்க்கும். ஈரத்தோலில் மின்சாரம் எளிதாகப் பாயும். தேர்வு அறையில் வினாத்தாளை நனைத்த சிறு கைகளைக் கண்ட ஆசிரியர்களுக்கு இது புதிதன்று.

திரையில் ஒரு கதவு திறக்கவேண்டும். ‘திறந்தே தீருவேன்’ என்று முனைந்தால் அம்முனைப்பே பதற்றமாகிக் கதவு மூடியே நிற்கும். மூச்சை மெல்ல இழுத்து, அதனினும் நீளமாக வெளிவிட வேண்டும். இழுக்கும்போது இதயத் துடிப்பு சற்று விரைவதும், விடும்போது தணிவதும் உடலின் இயல்பு. இந்த ஏற்ற இறக்கம் சீரானால் கதவு திறக்கும். ‘அமைதியாக இரு’ என்று வகுப்பில் எத்தனை முறை அதட்டியிருப்பேன்! எவ்வாறு என்று ஒருநாளும் கற்பித்ததில்லை.

2015இல் வந்த ‘நெவர்மைண்ட்’ அச்சமூட்டும் விளையாட்டு. உணரியுடன் ஆடும்போது பதற்றம் மிகுந்தால் ஆட்டமும் கடுமையாகும். நெருக்கடியின் நடுவே தணியப் பழக்குவதால் இதுவே ஒருபடி மேல் என்பேன். சிறு குழந்தைகளுக்கு ஆகாது.

எண்ணக் கற்கும் குழந்தைக்கு மணிச்சட்டம் தருகிறோம். பின்னர் அதை எடுத்துவிடுகிறோம். உணரியும் அத்தகையதே. பேரனோ பேத்தியோ ஆடி முடித்தபின் உணரியைக் கழற்றி, திரையை அணைத்து, அதே மூச்சை ஐந்து நிமிடம் விடச் சொல்லுங்கள். கணக்குத் தேர்வன்று காலையிலும் சொல்லிப் பாருங்கள்.