42 கருவிகள், 12 விதிகள்: கணினிக் கேள்வி-பதில்

கேள்வி: செர்டாங்கில், செம்பனைக் குலை வாங்கும் நிறுவனம் ஒன்றில் கணினிப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். பிரிவு என்றால் நான் ஒருவன்தான். செர்டாங், காராங்கான், மாகாங், சுங்கை கெச்சில் ஈலிர், பண்டார் பாரு, செலாமா என்று ஆறு நிலையங்கள். ஒவ்வொன்றிலும் ரூட்டர், சுவிட்ச், யூபிஎஸ், எடை மேடைக் கணினி, வருகைப் பதிவுக் கருவி, இரண்டு கேமரா. ஆக மொத்தம் 42. இவற்றைக் கண்காணிக்க நாகியோஸ் என்ற மென்பொருளைப் போட்டேன். முதல் ரூட்டருக்கு ஐந்து சோதனை எழுதி, அதையே மற்ற எல்லாவற்றுக்கும் நகலெடுத்து ஒட்டினேன். இப்போது 210 சோதனைகள் ஓடுகின்றன. திரையில் பாதி ஆரஞ்சு நிறம். இடி இடித்துவிட்டால் கைப்பேசியில் நாற்பது, ஐம்பது தகவல் வந்து விழுகிறது. ஒரு எண்ணை மாற்ற 42 இடத்தில் கை வைக்க வேண்டியிருக்கிறது. முதலாளியோ எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்கிறார். என்ன செய்யலாம்?
– வாசகர், செர்டாங், கெடா

பதில்: நிறுத்த வேண்டாம், திருப்பி எழுதுங்கள். ஒரு சனிக்கிழமை போதும். மென்பொருளில் குறை இல்லை. கருவி ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக விதி எழுதியதுதான் இத்தனைக்கும் காரணம்.

தோட்டத்துப் பெரட்டை நினைத்துப் பாருங்கள். விடியற்காலையில் ஒவ்வோர் ஆளாகக் கூப்பிட்டு "நீ இதைச் செய், நீ அதைச் செய்" என்று எந்தக் கிராணியும் சொல்வதில்லை. குலை வெட்டும் கூட்டத்துக்கு ஒரு வேலை, உரம் போடும் கூட்டத்துக்கு ஒரு வேலை. புது ஆள் வந்தால் எந்தக் கூட்டம் என்று மட்டும் சொன்னால் போதும், அவருடைய வேலை அதிலேயே அடங்கிவிடும். நாகியோஸில் கருவிக்குப் பெயர் ஹோஸ்ட், அந்தக் கூட்டத்துக்குப் பெயர் ஹோஸ்ட்குரூப்.

முதல் வேலை, கருவிகளை வகை வகையாகக் குழு பிரிப்பது. ரூட்டர், சுவிட்ச், யூபிஎஸ், எடை மேடை, வருகைப் பதிவு, கேமரா என ஆறு குழுக்கள். அடுத்தது, ஒவ்வொரு குழுவிடமும் கேட்கத் தகுந்த கேள்விகளை மட்டும் எழுதுவது.

ரூட்டருக்கு மூன்று: வெளி இணைப்பில் தாமதமும் இழப்பும் எவ்வளவு, போக்குவரத்து எவ்வளவு, கடைசியாக எப்போது அணைந்து எழுந்தது. யூபிஎஸ்ஸுக்கு இரண்டு: மின்கம்பியில் ஓடுகிறதா பேட்டரியில் ஓடுகிறதா, பேட்டரியில் எவ்வளவு மிச்சம். சுவிட்சுக்கு ஒன்று: ரூட்டரோடு சேரும் போர்ட் உயிரோடு இருக்கிறதா. வருகைப் பதிவுக் கருவிக்கு ஒன்று: அதன் போர்ட் திறக்கிறதா. கேமராவுக்கும் ஒன்று: படம் அனுப்பும் 554ஆம் போர்ட் பதில் தருகிறதா.

எடை மேடைக் கணினிக்குத்தான் நான்கு வேண்டும். டிஸ்க்கில் இடம் இருக்கிறதா, தரவுத்தளம் ஓடுகிறதா, நேற்றிரவு எடுத்த பேக்கப் கோப்பின் வயது என்ன, கடிகாரம் சரியாக இருக்கிறதா. இந்த நான்காவதைப் பலர் விட்டுவிடுவார்கள். உங்கள் தொழிலில் அதை விடக்கூடாது. வெட்டிய குலையை ஒரு நாளுக்குள் ஆலையில் சேர்க்காவிட்டால் எண்ணெயின் தரம் இறங்கும். லாரி எப்போது எடை போட்டது என்ற சச்சரவு வரும்போது சீட்டில் அச்சான நேரம்தான் சாட்சி. கடிகாரம் இருபது நிமிடம் பிந்தினால் சாட்சியே பொய்யாகிவிடும்.

கூட்டிப் பாருங்கள்: 3, 2, 1, 1, 1, 4. மொத்தம் 12 விதிகள். கேமரா மட்டும் நிலையத்துக்கு இரண்டு என்பதால், ஆறு நிலையங்களில் இந்த 12 விதிகளும் 78 சோதனைகளாக விரியும். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை என்றால் ஏறக்குறைய நான்கு வினாடிக்கு ஒரு சோதனை. பழைய மேசைக் கணினியே தாங்கும்.

உங்கள் 210இல் மீதியெல்லாம் வெறும் இரைச்சல். கேமராவிடம் டிஸ்க் இடம் கேட்டால் அது என்ன பதில் சொல்லும்? சோதனை செய்யும் பிளகின் ஒவ்வொன்றும் முடியும்போது ஓர் எண்ணைத் திருப்பித் தருகிறது. 0 என்றால் நலம், 1 எச்சரிக்கை, 2 ஆபத்து, 3 என்றால் 'தெரியவில்லை'. அந்த 3தான் உங்கள் திரையில் ஆரஞ்சாகத் தெரிகிறது. இன்னொன்று: கருவி உயிரோடு இருக்கிறதா என்று நாகியோஸ் ஹோஸ்ட் அளவிலேயே பிங் செய்து பார்த்துக்கொள்ளும். அதற்கு மேல் ஒவ்வொன்றுக்கும் பிங் என்று தனிச் சோதனை எழுதுவது ஒரே கேள்வியை இரண்டு முறை கேட்பது.

எல்லோருக்கும் பொதுவான வரிகளை டெம்ப்ளேட்டில் வையுங்கள். எத்தனை நிமிடத்துக்கு ஒரு முறை, யாருக்குத் தகவல், எந்த நேரத்தில் என்பதெல்லாம் அங்கேதான் இருக்க வேண்டும். அதில் 'ரெஜிஸ்டர் 0' என்ற வரி இருந்தால் அது அச்சு மட்டும், தானே ஒரு சோதனையாக ஓடாது. மற்ற விதிகள் 'யூஸ்' என்ற வரியில் அதைக் கூப்பிட்டால் போதும். இரண்டு டெம்ப்ளேட்டைக் கூப்பிட்டு, இரண்டிலும் ஒரே அமைப்பு வேறு வேறாக இருந்தால், முதலில் எழுதியதுதான் செல்லும். இதைத் தெரிந்துகொள்ளாமல் தலையைப் பிய்த்துக்கொள்பவர்கள் உண்டு.

"மாகாங் கணினியில் டிஸ்க் சின்னது, அதற்கு மட்டும் வேறு எல்லை வேண்டுமே" என்பீர்கள். அதற்காகப் புது விதி எழுதாதீர்கள். அடிக்கோட்டில் தொடங்கும் பெயரில் சொந்த மாறி ஒன்றை ஹோஸ்ட்டிலேயே எழுத நாகியோஸ் இடம் தருகிறது. பொது டெம்ப்ளேட்டில் அந்த மாறிக்கு 20 சதவீதம் என்று வையுங்கள், மாகாங் கணினியில் மட்டும் 10 என்று எழுதுங்கள். டிஸ்க் விதி ஒன்றேதான். அது ஒவ்வொரு ஹோஸ்ட்டிலும் இருக்கும் எண்ணை எடுத்துக்கொள்ளும். ஒரு கருவியை ஒரு விதியிலிருந்து அடியோடு விலக்க வேண்டுமானால் அதன் பெயருக்கு முன்னால் ஆச்சரியக்குறி போட்டால் போதும்.

இவ்வளவும் செய்தபின், காராங்கானில் மூன்றாவது கேமரா மாட்டினால் நீங்கள் எழுத வேண்டியது ஐந்தே வரி: டெம்ப்ளேட், பெயர், முகவரி, குழு, பேரன்ட்.

அந்த ஐந்தாவது வரிதான் இடி இடிக்கும் இரவில் உங்களைத் தூங்கவைக்கும். கேமராவின் பேரன்ட் சுவிட்ச், சுவிட்சின் பேரன்ட் ரூட்டர் என்று எழுதிவிடுங்கள். ரூட்டர் படுத்தால் அதற்குப் பின்னால் இருக்கும் ஆறு கருவிகளையும் 'செத்தது' என்று நாகியோஸ் சொல்லாது, 'எட்டவில்லை' என்று குறித்துக்கொள்ளும். தகவல் அனுப்பும் வரியில் 'எட்டவில்லை' என்ற நிலையைச் சேர்க்காமல் விட்டால், நிலையத்துக்கு ஒரே ஒரு தகவல்தான் வரும்.

கூடவே அவசரப்படாமல் இருக்கவும் அதற்குக் கற்றுக்கொடுங்கள். முதல் தோல்வியை நாகியோஸ் மென்னிலை என்று மட்டும் எடுத்துக்கொள்கிறது. நீங்கள் சொன்ன எண்ணிக்கையில் தொடர்ந்து தோற்றால்தான் வன்னிலை, அப்போதுதான் தகவல் போகும். சோதனை ஐந்து நிமிடத்துக்கு ஒன்று, மறுமுயற்சி ஒரு நிமிடத்துக்கு ஒன்று, முயற்சி நான்கு என்று வைத்தால், கோளாறு தொடங்கி அதிகம் போனால் எட்டு, ஒன்பது நிமிடத்தில் உங்களுக்குத் தெரிந்துவிடும். மின்சாரம் ஒரு கணம் கண்சிமிட்டியதற்கெல்லாம் கைப்பேசி அலறாது.

கடைசியாக, கையில் எழுதியதைச் சரிபார்க்காமல் மறுதொடக்கம் செய்யாதீர்கள். 'நாகியோஸ் -வி' என்று தொடங்கும் கட்டளை கோப்புகளைப் படித்துப் பிழையை வரி எண்ணோடு காட்டும்.

கேள்வி: டி.என்.பி. மின்தடை அறிவிப்பு வரும் நாட்களில், அந்தப் பகுதியில் இருக்கும் எங்கள் கிளையின் கருவிகளை ஒவ்வொன்றாகக் கண்காணிப்பிலிருந்து நிறுத்திவைக்கிறேன். சுருக்கு வழி உண்டா?
– வாசகி, பாடாங் செராய்

பதில்: உண்டு. வகைப்படி குழு பிரித்தால் மட்டும் போதாது, இடப்படியும் பிரியுங்கள். ஒரே கருவி இரண்டு குழுக்களில் இருக்கலாம், தடையில்லை. 'எதைச் சோதிப்பது' என்பதை வகைக் குழு சொல்லும். 'எப்போது சும்மா இருப்பது, யாரைக் கூப்பிடுவது' என்பதை இடக் குழு சொல்லும். மின்தடை நாளில் அந்த இடக் குழுவுக்கு ஒரே கட்டளையில் ஓய்வு நேரம் குறித்துவிடலாம், காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்துவரை என்று. நேரம் முடிந்ததும் கண்காணிப்பு தானே பழைய நிலைக்கு வந்துவிடும். அறிவிப்பையே முடக்கி வைக்கும் பழக்கம் வேண்டாம். முடக்கியதை மறப்பது மனித இயல்பு.

நேரத்தைப் பற்றிச் சொல்லும்போது இன்னொன்று. நமது நாட்டின் 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டப்படி சம்பளக் காலம் முடிந்து ஏழாம் நாளுக்குள் சம்பளம் கொடுத்தாக வேண்டும். அந்த ஏழு நாட்களும் சம்பள சர்வர் படுக்கக்கூடாது. நாகியோஸின் நேரப் பட்டியலில் 'மாதத்தின் 1 முதல் 7 வரை இரவும் பகலும், மற்ற நாட்களில் அலுவலக நேரம் மட்டும்' என்று எழுதலாம். அந்த சர்வரின் அறிவிப்புக்கு இந்தப் பட்டியலைக் காட்டிவிடுங்கள்.

கேள்வி: எங்கள் தோட்ட அலுவலகத்தில் இருப்பது கைப்பேசி இணைப்புதான். வெளியிலிருந்து உள்ளே போக முகவரியே இல்லை. தலைமையகத்து நாகியோஸ் எப்படிச் சோதிக்கும்?
– வாசகர், லூனாஸ்

பதில்: சர்வர் போய்க் கேட்க முடியாவிட்டால், கருவியே வந்து சொல்லட்டும். இதற்குப் பெயர் பேசிவ் செக். தோட்டக் கணினியில் சிறு நிரல் ஒன்று ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை சோதித்து, முடிவைத் தலைமையகத்துக்கு அனுப்பும்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. கணினி செத்துப்போனால் செய்தியே வராது. செய்தி வராதவரை திரையில் பழைய பச்சை நிறமே நின்றுகொண்டிருக்கும். ஆகவே 'ஃபிரெஷ்னஸ்' சோதனையைக் கட்டாயம் இயக்குங்கள். அதன் கால வரம்பை 900 வினாடி என்று வைத்தால், பதினைந்து நிமிடம் செய்தி வராதபோது நாகியோஸ் அந்தச் சோதனைக்கு எழுதிய கட்டளையைத் தானே ஓட்டும். அந்தக் கட்டளை எப்போதும் 'ஆபத்து' என்றே பதில் சொல்லும்படி எழுதிவைத்தால் மௌனமும் ஒரு செய்தியாகிவிடும். உள்ளிருந்து வெளியே விபிஎன் கட்டுவது இன்னொரு வழி. அது கைகூடினால் சோதனைகளை வழக்கம்போலவே செய்யலாம்.

கேள்வி: கூலிம் தொழில்நுட்பப் பூங்காவில் வேலைக்குப் போக ஆசை. நாகியோஸ் பழையது, வேறு படி என்று நண்பர்கள் சொல்கிறார்கள். எதைப் படிக்கட்டும்?
– கல்லூரி மாணவர், கூலிம்

பதில்: பழையது என்பது உண்மைதான். ஈத்தன் கால்ஸ்டாட் என்பவர் 1999இல் நெட்செயின்ட் என்ற பெயரில் வெளியிட்டது, 2002இல் நாகியோஸ் என்று பெயர் மாறியது. 2009இல் அதிலிருந்து பிரிந்ததுதான் ஐசிங்கா. லாட்வியாவில் பிறந்த ஸாபிக்ஸ் 2001இலிருந்து புழக்கத்தில் இருக்கிறது. 2012இல் சவுண்ட்கிளவுட் நிறுவனத்துக்குள் தொடங்கியது புரோமிதியஸ்.

பெயர் மாறினாலும் கணக்கு ஒன்றுதான். நாகியோஸில் ஹோஸ்ட்குரூப் செய்வதை ஸாபிக்ஸில் டெம்ப்ளேட் செய்கிறது. ஐசிங்காவின் இரண்டாம் பதிப்பில் 'இந்தப் பண்பு உள்ள கருவிக்கெல்லாம் இந்தச் சோதனை' என்று ஒரே விதியாக எழுதிவிடலாம். 1996இல் திறந்த உங்கள் ஊர்ப் பூங்காவில் இரவு பகலாக ஓடும் ஆலைகள் இருக்கின்றன. ஒரு கருவியைச் சோதிக்கத் தெரிந்தவர் அங்கே நிறையப் பேர். ஆயிரம் கருவியை இருபது விதியில் அடக்கத் தெரிந்தவர் குறைவு. வீட்டில் இருக்கும் பழைய கணினியில் ஏதாவது ஒன்றை நிறுவி, வீட்டு ரூட்டரிலிருந்து தொடங்குங்கள்.

கேள்வி: கண்காணிக்கும் சர்வரே படுத்துவிட்டால்?
– வாசகர், பாரிட் புந்தார்

பதில்: எல்லாம் நலம் என்று நம்பிக்கொண்டிருப்பீர்கள். வேறொரு நிலையத்தில், வேறொரு மின் இணைப்பில், சின்னக் கணினி ஒன்றை வைத்து அதற்கு ஒரே வேலை கொடுங்கள்: தலைமை நாகியோஸ் ஓடுகிறதா என்று பார்ப்பது. தகவல் போகும் வழியும் வேறாக இருக்கட்டும். இரண்டும் ஒரே இணைய இணைப்பை நம்பியிருந்தால் இரண்டாவது இருந்தும் பயனில்லை.

கேள்வி: ஒரு கருவிக்கு எத்தனை சோதனை வைப்பது சரி?
– வாசகர், பண்டார் பாரு

பதில்: எண்ணிக்கையில் அளவு இல்லை. ஒவ்வொரு சோதனைக்கும் பக்கத்தில் இரண்டு விவரம் எழுதிப் பாருங்கள்: இது சிவப்பானால் யார் போவார், போய் என்ன செய்வார். இரண்டுக்கும் பதில் இருந்தால் அந்தச் சோதனை இருக்கட்டும். பதில் இல்லாவிட்டால் நீக்கிவிடுங்கள். யாரும் திரும்பிப் பார்க்காத சோதனை, பார்க்க வேண்டிய சோதனையையும் சேர்த்து மறைத்துவிடும்.