முத்திரை பெற்ற சரக்கில் ஐயம் எழுந்தால்...



ஜவுளி, மளிகை, நாணய மாற்று, புத்தகம் எனப் பல துறைகளில் ஈடுபட்டுள்ள நம்மவர்களிற் சிலர், டிரேடிங் கார்டு எனப்படும் சேகரிப்பு அட்டைகளையும் இப்போது கடையில் வைத்து விற்கின்றனர். போக்கிமொன் படம் பொறித்தவை, விளையாட்டு வீரர் படம் பொறித்தவை என அவை பல வகைப்படும். விலையுயர்ந்த அட்டைகள் பெரும்பாலும் இணையச் சந்தையிலேயே கொள்முதல் செய்யப்படுகின்றன. அப்படி வாங்கிய அட்டை கைக்கு வந்தபின், "இது சரியான சரக்குத்தானா?" என்ற ஐயம் எழுந்தால் செய்யத் தக்கது யாது, தகாதது யாது என்பதை இப்பாடத்தில் ஆராய்வோம்.

உள்ளே இருப்பது இன்னதென்று தெரியாத மூடிய பொட்டலங்களை வாங்குவது ஆகுமா என்பது வேறு மஸ்அலா. அதனை உலமாக்களிடம் கேட்டறிக. நாம் இங்கே பேசுவது, இன்ன அட்டை, இன்ன தரம் என்று குறிப்பிட்டு விலை பேசி வாங்கும் கொள்முதலைப் பற்றி மட்டுமே.

முத்திரையின் தன்மை

அட்டைகளைத் தரம் பிரித்துச் சான்று தருவதற்கென்றே நிறுவனங்கள் உள்ளன. அவற்றுள் பெயர் பெற்ற பி.எஸ்.ஏ. என்ற அமெரிக்க நிறுவனம் 1991 இல் தோன்றியது. படம் நடுவில் அமைந்திருக்கிறதா, மூலைகள் கூர்மையாக உள்ளனவா, ஓரமும் மேற்பரப்பும் பழுதற்றனவா என்று பார்த்து, 1 முதல் 10 வரை மதிப்பெண் இடுவர். பின்னர் அட்டையைக் கெட்டியான பிளாஸ்டிக் உறையில் வைத்து மூடி, எண்ணிட்ட சீட்டுடன் திருப்பித் தருவர். ஒரே அட்டை 9 பெற்றால் ஒரு விலை, 10 பெற்றால் அதனினும் பன்மடங்கு விலை. ஆகவே வாங்குபவர் அட்டையோடு அந்த முத்திரைக்கும் சேர்த்தே பணம் கொடுக்கிறார்.

முத்திரை என்பது ஒரு சாட்சியம். சாட்சி நல்லவராயிருந்தும் தவறிவிடுவதுண்டு. ஹோனஸ் வாக்னர் என்ற பேஸ்பால் ஆட்டக்காரரின் படம் பொறித்த அட்டை, 1909 முதல் 1911 வரை அமெரிக்காவில் சிகரெட்டுப் பெட்டிகளோடு வெளிவந்த வரிசையைச் சேர்ந்தது. அதன் பிரதி ஒன்று பி.எஸ்.ஏ.யிடம் 8 என்ற தரம் பெற்றது. அந்நிறுவனம் தரமிட்ட முதல் அட்டையே அதுதான். 2007 இல் அது 28 இலட்சம் அமெரிக்க டாலருக்கு விலை போயிற்று. 2013 இலோ, அதனை முன்னர் கைமாற்றியவரும் ஏல நிறுவன அதிபருமான பில் மாஸ்ட்ரோ, அதன் ஓரங்களைத் தாம் வெட்டிச் சீராக்கியதாக நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். ஓரம் வெட்டப்பட்ட அட்டைக்கு மதிப்பெண்ணே இடலாகாது என்பதே அத்துறையின் விதி.

அண்மைக் காலத்துச் செய்தியும் உண்டு. 1996 இல் போக்கிமொன் அட்டை விளையாட்டு வெளிவருமுன் சோதனைக்காக அச்சிட்டவை என்று சொல்லப்பட்ட சில அட்டைகள், சி.ஜி.சி. என்ற நிறுவனத்தின் சான்று பெற்று விற்பனையாகியிருந்தன. வர்ண அச்சுப் பொறிகள் தாளில் பதிக்கும் நுண்ணிய மஞ்சள் புள்ளிகளை 2025 இன் தொடக்கத்தில் சேகரிப்பாளர்கள் ஆராய்ந்தபோது, அவற்றிற் பலவற்றில் 2024 ஆம் ஆண்டுத் தேதி வெளிப்பட்டது!

ஐயம் மூவகை

முதலாவது, உறையே போலியானது அல்லது பிரித்து ஒட்டப்பட்டது என்ற ஐயம். இரண்டாவது, உறை அசலாயினும் உள்ளே இருக்கும் அட்டை போலி, அல்லது வெட்டித் திருத்தப்பட்டது என்ற ஐயம். மூன்றாவது, இரண்டும் அசலே. ஆனால் 10 இட்டிருப்பது தாராளம், நமக்கு 9 என்றே தோன்றுகிறது என்ற ஐயம்.

இம்மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளலாகாது. முதலிரண்டும் சரக்கின் குறைபாடு. மூன்றாவது, இரு நிபுணருக்கிடையே வரும் அபிப்பிராய பேதம். அதற்காக விற்றவரை மோசக்காரர் என்பது அநியாயம். ஆதாரமின்றிப் பிறரைத் தவறாக எண்ணுவதைக் குர்ஆன் தடுத்துள்ளது என்பதை நாம் அறிவோம். விற்றவரும் நம்மைப் போன்றே ஏமாந்தவராக இருக்கலாமன்றோ?

மார்க்கச் சட்டம் கூறுவது

சரக்கு நம் கைக்கு வருமுன்பே அதிலிருந்த குறை பின்னர் தெரியவந்தால், அதனைத் திருப்பிக் கொடுத்து விலையைப் பெற வாங்கியவருக்கு உரிமை உண்டு. பிக்ஹில் இதற்குக் கியாருல் ஐப் என்று பெயர். இவ்வுரிமை இரண்டு வகையில் நழுவிப் போகக்கூடும். வியாபாரிகள் கவனிக்க வேண்டிய இடம் இதுவே.

ஒன்று, தாமதம். நம்மிற் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாபியீ மத்ஹபில், குறை தெரிந்ததும் உடனே திருப்ப முனைய வேண்டும். தொழுகையிலோ உணவிலோ இருந்தால் முடித்துக்கொள்ளலாம். இரவானால் விடியும்வரை பொறுக்கலாம். காரணமின்றிக் கிடப்பில் போட்டால் உரிமை போய்விடும். ஹனபி மத்ஹபில் தாமதம் மட்டும் உரிமையைப் போக்காது. ஆயினும் குறை தெரிந்த பின் அச்சரக்கை விற்பனைக்கு வைத்தால், அதனை ஏற்றுக்கொண்டதாகவே ஆகும்.

மற்றொன்று, நம் கையால் புதிய குறை உண்டாக்குவது. அப்படிச் செய்துவிட்டால், விற்றவர் இசைந்தாலன்றித் திருப்ப இயலாது. பழைய குறைக்கான நஷ்டஈட்டை மட்டுமே கோரலாம். இதற்கு ஒரு விலக்கும் உண்டு. முட்டையையும் தேங்காயையும் உடைத்தாலன்றி உள்ளிருக்கும் கெடுதல் தெரியாது. ஆகவே அவற்றைத் தேவையான அளவு உடைத்துப் பார்த்தவரின் உரிமை போவதில்லை. ஆனால் அட்டையின் உறை தேங்காய் ஓடு போன்றதன்று. உடைக்காமலே சோதிக்க வழி இருக்கிறது. ஆகவே ஆத்திரத்தில் உறையை உடைத்தவர், தம் கையிலிருந்த அத்தாட்சியையும் தாமே அழித்தவராவார்.

செய்ய வேண்டியவை

1. பொட்டலத்தைப் பிரிக்கும்போதே கைப்பேசியில் படம் பிடித்துக்கொள்க. விற்றவர் இட்ட விளம்பரம், புகைப்படம், உரையாடல் ஆகியவற்றையும் சேமித்து வைக்கவும்.

2. சீட்டிலுள்ள எண்ணைத் தரமிட்ட நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் தேடுக. எண் சரியாயிருப்பது மட்டும் போதாது. போலி செய்வோர் அசல் அட்டையின் எண்ணையே திருடிப் பொறிப்பர். அங்கே படம் இருப்பின், கையிலுள்ள அட்டையோடு புள்ளி புள்ளியாக ஒப்பிடுக.

3. உறையின் ஓரங்களைப் பகல் வெளிச்சத்தில் பார்க்க. வெண்மையாகப் பூத்த கீறல், பசைத் தடம், சீட்டின் எழுத்தில் மாறுபாடு ஆகியவை எச்சரிக்கைகள். அசல் என்று உறுதியான வேறோர் உறையைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது நலம்.

4. பூதக்கண்ணாடியால் அச்சின் நுண்புள்ளிகளை, அதே வரிசையின் அசல் அட்டையோடு ஒப்பிடுக.

5. ஐயம் வலுத்தால் அன்றே விற்றவருக்கு மரியாதையாக எழுதுக. எழுதுவதை அச்சந்தைத் தளத்தின் வழியாகவே எழுதுக. "பெற்றுக்கொண்டேன்" என்ற பொத்தானை அழுத்தியதும் பணம் விற்றவருக்குப் போய்விடும் தளங்கள் உண்டு. சோதனை முடியுமுன் அழுத்தற்க. திருப்பும் கெடு எந்நாள் என்பதையும் குறித்து வைக்கவும்.

6. விற்றவர் மறுத்தால் தளத்தின் நிர்வாகத்திடமும், பின்னர் சட்டப்படியும் முறையிடலாம். சிங்கப்பூரின் சிறு கோரிக்கை மன்றம் 20,000 வெள்ளி வரையிலும், மலேசியாவின் பயனீட்டாளர் தீர்ப்பாயம் 50,000 ரிங்கிட் வரையிலும் வழக்கை விசாரிக்கும். ஆனால் பின்னது சொந்த உபயோகத்திற்கு வாங்கியவருக்கே உரியது. மறுவிற்பனைக்கு வாங்கிய வியாபாரி அதனை நம்பியிருத்தல் கூடாது.

கைமாற்றி விடலாமா?

கெடு கடந்துவிட்டது, பணமும் முடங்கிவிட்டது. அப்போது உள்ளம் ஒரு யோசனை சொல்லும்: "முத்திரைதான் இருக்கிறதே! நாம் எதையும் சொல்ல வேண்டாம். வாங்குபவர் தாமே பார்த்துக்கொள்ளட்டும்." இதுவே நமக்கு உண்மையான சோதனை.

மதீனாவின் கடைவீதியில் நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டார்கள். உள்ளே ஈரம் தட்டுப்பட்டது. மழையில் நனைந்துவிட்டது என்றார் கடைக்காரர். அப்படியானால் மக்கள் காணும்படி அதனை மேலே வைத்திருக்கலாகாதா என்று கேட்டு, மோசம் செய்பவர் நம்மைச் சேர்ந்தவரல்லர் என்று எச்சரித்தார்கள். அம்மனிதர் மழையை வரவழைக்கவில்லை. ஈரத்தை உள்ளே வைத்தார், அவ்வளவே. பளபளக்கும் உறைக்குள் நாம் அறிந்த ஐயத்தை மூடி விற்பதும் அதே செயலன்றோ? "விற்ற சரக்கு திருப்பி எடுக்கப்படமாட்டாது" என்று பலகை மாட்டுவதால், அறிந்த குறையைச் சொல்லும் கடமை நீங்கிவிடாது.

ஐயமுள்ள அட்டையைத் தரமிட்ட நிறுவனத்திற்கே அனுப்பி மறுபரிசோதனை செய்விக்கலாம். உறை தம்முடையதே, முத்திரையில்தான் பிழை என்று தெளிந்தால், நிபந்தனைகளுக்குட்பட்டு ஈடு தருவதாகப் பெரிய நிறுவனங்கள் வாக்களித்துள்ளன. அதற்கு வழியில்லையேல், அறிந்ததை அறிந்தவாறே சொல்லி, அதற்கேற்ற விலைக்குக் கொடுக்கலாம். போலியென்றே உறுதியானால் சந்தைக்கு விடாமல் நிறுத்திக்கொள்வதே கடமை. கைவிட்டுப் போன முதலை அடுத்த சரக்கில் ஈட்டிக்கொள்ளலாம். வாடிக்கையாளரின் நம்பிக்கை போனால் மீட்பது அரிது.

ஹலாலான சம்பாத்தியத்தையும் அதில் பரக்கத்தையும் அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.