ஊரில் யாருமில்லை என்று எழுதிய அழைப்புக் கடிதம்

கேள்வி: நான் கனடாவில் நிரந்தர வதிவிட உரிமை பெற்று, கணவருடனும் மகனுடனும் ஸ்காபரோவில் வசிக்கிறேன். இரண்டாவது பிள்ளை வயிற்றில், இது ஐந்தாம் மாதம். பிரசவத்துக்கு அம்மாவை ஆறு மாதத்துக்கு அழைக்க விண்ணப்பித்தோம். மூன்று கிழமைக்கு முன் மறுத்துவிட்டார்கள். அம்மாவுக்கு 67 வயது. ஓய்வுபெற்ற ஆசிரியை, கோண்டாவிலில் சொந்த வீட்டில் இருக்கிறார். அப்பா காலமாகிவிட்டார். அண்ணாவின் குடும்பம் பக்கத்து வளவில். கனடாவுக்கு வெளியே போதிய குடும்பப் பிணைப்பு இல்லை, பயண நோக்கம் தற்காலிகத் தங்கலோடு பொருந்தவில்லை என்று இரண்டு காரணங்கள் சொல்லியிருக்கிறார்கள். அம்மா ஊரில் தனிய இருந்து கஷ்டப்படுகிறார், பார்க்க ஆளில்லை என்று நான் அழைப்புக் கடிதத்தில் உருக்கமாக எழுதியிருந்தேன். கொழும்பில் படிவம் நிரப்பிய முகவர் உடனே திரும்பப் போடலாம் என்கிறார். இங்குள்ளவர்கள் மேன்முறையீடு செய்யச் சொல்கிறார்கள். 2015இல் அம்மாவுக்கு லண்டன் விசாவும் மறுக்கப்பட்டது. பழைய விஷயம் என்று முகவர் அதைப் படிவத்தில் காட்டவில்லை. என்ன செய்யலாம்?

பதில்: உங்கள் கடிதத்தின் கடைசி விஷயத்தை முதலில் எடுக்கிறேன். மற்றவையெல்லாம் அடுத்த விண்ணப்பத்தில் திருத்தக்கூடியவை. இதைத் திருத்தாமல் விட்டால் உங்கள் அம்மா ஐந்து ஆண்டுகளுக்குக் கனடா வர முடியாமல் போகலாம்.

கனடாவோ வேறெந்த நாடோ எப்போதாவது விசா மறுத்ததா என்று படிவம் கேட்கிறது. அதற்குக் கால எல்லை கிடையாது. 2015 என்றாலும் விடை ‘ஆம்’தான். முக்கியமான ஒரு விஷயத்தை மறைத்தாலோ பிழையாகச் சொன்னாலோ, குடிவரவு, அகதிகள் பாதுகாப்புச் சட்டத்தின் 40ஆம் பிரிவு ஐந்து ஆண்டுத் தடையைக் கொண்டுவரும். படிவத்தை நிரப்பியவர் முகவர் என்பது பெரும்பாலும் காப்பாற்றாது, விண்ணப்பம் அம்மாவின் பெயரில் போயிருக்கிறது. பிரித்தானியா, அமெரிக்கா, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய நாடுகளோடு கனடா கைவிரல் அடையாளத்தின் வழியாகத் தகவல் பரிமாறுகிறது. ஆகவே லண்டன் மறுப்பு அதிகாரியின் கண்ணில் படாது என்று யாரும் உங்களுக்கு உறுதி தர முடியாது.

நீங்கள் சொல்லும் காரணங்களில் இந்த விஷயம் இல்லை. மறைத்ததாகக் குற்றம் காணுமுன், விளக்கம் கேட்டு ஒரு கடிதம் அனுப்ப வேண்டிய கடமை அதிகாரிக்கு உண்டு. அப்படியொன்று வராததால் நிலைமை இன்னும் கைமீறவில்லை. அடுத்த விண்ணப்பத்தில் ‘ஆம்’ என்று குறித்து, ஆண்டையும் நாட்டையும் மறுப்புக்கான காரணத்தையும் எழுதுங்கள். பழைய மறுப்புக் கடிதம் கிடைத்தால் இணையுங்கள். முன்னைய படிவத்தில் அது ஏன் விடுபட்டது என்பதை அம்மா தன் பெயரில் நாலைந்து வரியில் நடந்தபடியே சொல்லட்டும். முகவர் மீது நீண்ட புகார் அதில் வேண்டாம்.

மேன்முறையீடு என்று நண்பர்கள் சொல்வது இந்த வகை விசாவுக்கு இல்லை. இருப்பது சமஷ்டி நீதிமன்றத்தில் நீதித்துறை மீளாய்வு. கனடாவுக்கு வெளியே எடுக்கப்பட்ட முடிவென்றால், அது அம்மாவுக்குத் தெரியவந்த நாளிலிருந்து 60 நாட்களுக்குள் மனுப் போட வேண்டும். நீதிமன்றத்துக்குக் கட்டும் தொகை 50 டொலர்தான், செலவு வழக்கறிஞருக்கே ஆகும். வழக்கை விசாரிக்க முதலில் நீதிபதி அனுமதி தரவேண்டும். வென்றாலும் நீதிமன்றம் விசா தராது. கோப்பு வேறொரு அதிகாரியிடம் மறுபரிசீலனைக்குப் போகும். அதிகாரி முக்கியமான ஆதாரத்தைக் கண்டும் காணாமல் விட்ட வழக்குகளில் இது நல்ல ஆயுதம், நியாயமற்ற மறுப்புகள் பல அங்கே விழுந்திருக்கின்றன. ஆனால் உங்கள் கோப்பில் ‘இல்லை’ என்ற பிழையான விடை இருக்கிறது. வழக்கில் வென்று அதே படிவத்தை இன்னொரு அதிகாரியின் மேசைக்கு அனுப்புவதை நான் விரும்பமாட்டேன். புதிய விண்ணப்பமே உங்களுக்குப் பொருத்தம். எனினும் 60 நாள் முடியுமுன் ஒரு வழக்கறிஞரிடம் முழுக் கோப்பையும் காட்டிவிடுங்கள்.

முகவர் சொல்வதுபோல அதே ஆவணங்களை அப்படியே திரும்பப் போடுவதில் பயனில்லை. காத்திருக்க வேண்டிய காலம் என்று சட்டத்தில் எதுவுமில்லைதான். ஆனால் முன்னைய முடிவு புதிய அதிகாரியின் திரையில் இருக்கும். முதலில் மறுத்த அதிகாரி உண்மையில் என்ன நினைத்தார் என்று பாருங்கள். மறுப்புக் கடிதத்தில் இருப்பவை எல்லோருக்கும் போகும் வாசகங்கள். அதிகாரி எழுதிய குறிப்பு வேறு. 2025 ஜூலை இறுதியிலிருந்து பல பார்வையாளர் விசா மறுப்புகளோடு அந்தக் குறிப்பையும் அனுப்புகிறார்கள். வரவில்லை என்றால், அம்மாவின் எழுத்துமூலச் சம்மதத்தோடு நீங்களே தகவல் அறியும் சட்டத்தின் கீழ் 5 டொலர் கட்டிக் கேட்கலாம்.

இனி, அந்த அழைப்புக் கடிதம். மகளாக நீங்கள் எழுதியதில் பொய் சொல்லும் எண்ணமில்லை, பாசம் இருக்கிறது. ஆனால் குடிவரவு ஒழுங்குவிதிகளின் 179(b) பிரிவு அதிகாரியிடம் கேட்பது ஒன்றைத்தான்: அனுமதித்த காலம் முடிந்ததும் இவர் கனடாவை விட்டுப் போவாரா? அதை நிரூபிக்கும் பொறுப்பு அம்மாவுடையது. பெரும்பாலான விண்ணப்பங்களில் நேர்காணலே கிடையாது, காகிதம் மட்டும்தான் பேசும். அந்தக் காகிதத்தில் “ஊரில் தனிய, பார்க்க ஆளில்லை” என்று சொந்த மகளே எழுதியிருக்கிறார். மகளும் பேரனும் கனடாவில், ஊரில் யாருமில்லை என்றால் அவர் எதற்காகத் திரும்புவார் என்று அதிகாரி நினைப்பதை நான் குறைசொல்லமாட்டேன். நம்மவர்களின் அழைப்புக் கடிதங்களில் நான் அடிக்கடி காணும் பிழை இது. இரக்கம் வரட்டும் என்று எழுதுகிறோம். இரக்கத்துக்கு இந்தப் பிரிவில் இடமில்லை.

உண்மையில் அம்மா தனியாகவும் இல்லை. அண்ணா குடும்பம் பக்கத்து வளவில் என்று எனக்கு எழுதிய நீங்கள் அதிகாரிக்கு எழுதவில்லை. அண்ணாவின் பிறப்புச் சான்றிதழ், அவருடைய பிள்ளைகளின் சான்றிதழ்கள், இரு வீட்டாருக்கும் கிராம அலுவலர் தரும் வதிவிடச் சான்றிதழ், வீட்டின் காணி உறுதி, ஓய்வூதியம் மாதாமாதம் வங்கிக்கு வருவதைக் காட்டும் கணக்கறிக்கை ஆகியவற்றைச் சேருங்கள். அண்ணா ஒரு பக்கத்தில், அம்மாவோடு அன்றாடம் எப்படி வாழ்கிறார் என்று எழுதட்டும். அம்மா இந்தியாவுக்குக் கோயில் யாத்திரை போய்த் திரும்பியிருந்தால் அந்தக் கடவுச்சீட்டுப் பக்கங்கள் பெறுமதியானவை. குறித்த நாளில் வீடு திரும்பிய பழக்கத்துக்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை. தமிழிலும் சிங்களத்திலும் உள்ள எல்லாவற்றையும் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்து மொழிபெயர்க்க வேண்டும்.

பயண நோக்கத்தையும் தெளிவாக்குங்கள். “பிள்ளையைப் பார்த்துக்கொள்ள” என்று மட்டும் எழுதினால் அதற்கு முடிவு நாள் இல்லை. பிரசவத் திகதியைக் காட்டும் மருத்துவர் கடிதம், அம்மா வரும் நாள், போகும் நாள், அவர் போனபின் குழந்தையை யார் பார்ப்பார், உங்கள் மகப்பேற்று விடுப்பு எவ்வளவு காலம் என்பவை கடிதத்தில் இருக்கட்டும்.

பணத்தைக் குறைசொல்லி உங்களுக்கு மறுப்பு வரவில்லை. ஒரு எச்சரிக்கை போதும்: விண்ணப்பிக்கும் கிழமையில் அம்மாவின் கணக்கில் பெருந்தொகை போடாதீர்கள். செலவை நீங்கள் ஏற்பதாகச் சொல்லி உங்கள் வருமான வரி மதிப்பீட்டு அறிவித்தலையும் வேலைக் கடிதத்தையும் காட்டுவது நேர்மையானது, போதுமானதும்கூட.

சுப்பர் விசா என்று ஒன்று உண்டு. ஒவ்வொரு தடவையும் ஐந்து ஆண்டு வரை தங்கலாம். குடும்ப அளவுக்கேற்ற குறைந்தபட்ச வருமானம், மருத்துவப் பரிசோதனை, ஒரு வருடத்துக்குக் குறைந்தது 100,000 டொலர் மருத்துவக் காப்புறுதி ஆகியவை வேண்டும். 67 வயதில் காப்புறுதிக் கட்டணம் கணிசமானது. அம்மா ஆறு மாதத்துக்குத்தான் வருகிறார் என்றால் சாதாரண விசாவே போதும். திரும்பிப் போவாரா என்ற கேள்வி சுப்பர் விசாவிலும் இருக்கிறது.

அனுப்பிய படிவத்தின் முழுப் பிரதியையும் விண்ணப்பக் கணக்கின் கடவுச்சொல்லையும் முகவரிடமிருந்து இந்தக் கிழமையே வாங்குங்கள். கூலி வாங்கிக்கொண்டு கனடாவுக்கு விண்ணப்பம் போட, அவர் கனடாவின் சட்டத்தரணிச் சங்கம் ஒன்றிலோ குடிவரவு ஆலோசகர் கல்லூரியிலோ உறுப்பினராக இருக்க வேண்டும். இல்லையென்றால் அடுத்த விண்ணப்பத்தை அவரிடம் கொடுக்காதீர்கள். விண்ணப்பக் கட்டணம் 100 டொலர் மறுபடியும் கட்ட வேண்டும். கைவிரல் அடையாளம் பத்து ஆண்டு செல்லும் என்பதால் அதற்கான 85 டொலர் இந்தமுறை இல்லை. விசா கையில் வரும்வரை விமானச் சீட்டுக்குப் பணம் கட்டாதீர்கள்.