கிலுகிலுப்பையை உண்ணும் அந்து

கோட்டைப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களின் மணற்பாங்கான தரிசுகளில் வளரும் பூண்டுகளுள் ஒன்று கிலுகிலுப்பை. முற்றிய காயை அசைத்தால் உள்ளே விதைகள் ஒலிக்கும், பெயர்க்காரணம் அதுவே. தேளின் வாலெனப் பூங்கதிர் வளைந்த தேள்கொடுக்கும் நாம் அறிந்ததே. நச்சுடைய இவ்விரண்டையும் விரும்பி உண்டு வளரும் புழு ஒன்று உண்டு. அது முதிர்ந்து, வெண்சிறகில் செம்புள்ளியும் கரும்புள்ளியும் விரவிய சிறிய அந்துப்பூச்சியாகிறது. 1758இல் இதனை விவரித்த லின்னேயஸ் இட்ட 'புல்கெல்லா' என்னும் இலத்தீன் பெயருக்கு 'சிறிய அழகி' என்பது பொருள்.

விட்டில் என்றதும் இரவு விளக்கே நம் நினைவுக்கு வரும். இதுவோ பகலிலும் அஞ்சாது பறக்கும். புழுப்பருவத்தில் உண்ட செடியின் நஞ்சு, கூட்டுப்புழு நிலையையும் கடந்து உடலில் தங்கிவிடுகிறது. இதன் அமெரிக்க உறவினத்தைத் தாமஸ் ஐஸ்னர் என்னும் அறிஞர் ஆராய்ந்தார். வலையில் சிக்கிய அந்துவைச் சிலந்தி கடிக்காமல், இழைகளை அறுத்து விடுவித்தது! ஆண் தன் நஞ்சில் ஒரு பகுதியைப் பெண்ணுக்கு வழங்க, அது முட்டைகளுக்கும் காப்பாகிறது.

அந்நஞ்சு மனித ஈரலைக் கெடுப்பது. தேள்கொடுக்கு நாட்டு மருந்துச் செடியாயிற்றே என்று கேள்விப்பட்ட அளவில் கஷாயமிட்டுப் பருகுவோர் இதனை எண்ண வேண்டும். 1970களின் நடுவில், அன்றைய மத்தியப் பிரதேசத்துச் சர்குஜா மாவட்டத்தில், கிலுகிலுப்பை இனத்து விதைகள் கலந்த சாமை வகைத் தானியத்தை உண்ட மக்கள் பலர் ஈரல் கெட்டு, வயிற்றில் நீர்கோத்து மாண்டனர்.