கப்பற் சரக்குப் பத்திரமின்றிப் பொருள்களை ஒப்படைத்தல்



பொருள்களை வாங்கியவரிடமே ஒப்படைத்த கப்பற் கம்பனி, விற்றவருக்கு நட்டஈடு செலுத்த நேரிடுமா? "இல்லை" என எழுதியே பலர் புள்ளிகளை இழக்கின்றனர். சரியான விடை "ஆம்" என்பதாகும். காரணத்தைக் கவனியுங்கள்.

'பில் ஒப் லேடிங்' எனப்படும் கப்பற் சரக்குப் பத்திரத்தின் பணிகள்

1. சரக்கைப் பெற்றுக்கொண்டதற்கான பற்றுச்சீட்டு.
2. ஏற்றிச்செல்லும் ஒப்பந்தத்திற்கான சான்று.
3. பொருள்களின் உரிமையைக் காட்டும் ஆவணம். ஆணைக்குரிய பத்திரமாயின், காசோலையைப் போலப் புறக்குறிப்பிட்டுக் கைமாற்றலாம்.

மூன்றாவது பணியே விற்பனையாளரின் பாதுகாப்பு. பத்திரம் வங்கியில் இருக்கும். வாங்குபவர் பணம் செலுத்திய பின்னரே அதனைப் பெறுவார். அதனைக் காட்டியே சரக்கை எடுப்பார். பத்திரமின்றிச் சரக்கைக் கொடுத்தால் இந்த ஒழுங்கு முழுவதும் குலைந்துவிடும்.

வழக்கு உதாரணம்

இங்கிலாந்தின் றாம்பிளர் சைக்கிள் கம்பனி துவிச்சக்கர வண்டி உதிரிப்பாகங்களைச் சிங்கப்பூர் இறக்குமதியாளர் ஒருவருக்கு அனுப்பியது. அவர் பணம் செலுத்தவில்லை; ஆகவே பத்திரமும் அவருக்குக் கிடைக்கவில்லை. எனினும், நட்டம் ஏற்பட்டால் ஈடுசெய்வதாக ஸே ஹாய் தொங் வங்கி உத்தரவாதம் வழங்கியது. அதனை நம்பிக் கப்பலின் முகவர்கள் சரக்கை அவரிடம் விடுவித்தனர்.

விற்பனையாளர் வழக்குத் தொடர்ந்தார். கப்பலிலிருந்து சரக்கை இறக்கியதும் தமது பொறுப்பு முடிவடையும் என்ற வாசகத்தைக் கப்பற் கம்பனி எடுத்துக்காட்டியது. 1959இல் இலண்டன் கோமறைக் கழகம் அதனை ஏற்கவில்லை. அவ்வாசகத்தை எழுத்துக்கு எழுத்து ஏற்றால், சரக்கைக் கடலில் எறிந்தாலும் பொறுப்பில்லை என்றாகிவிடும் எனத் தீர்ப்பை வழங்கிய டெனிங் பிரபு விளக்கினார். கப்பற் கம்பனி பொறுப்பாளியானது. உத்தரவாதம் வழங்கிய வங்கி அதற்கு ஈடுசெய்ய வேண்டியதாயிற்று.

நினைவிற் கொள்க

- சரக்கில் பெயர் இருப்பது போதாது. மூலப் பத்திரத்தைச் சமர்ப்பிக்க வேண்டும்.
- வங்கி உத்தரவாதம் கப்பற் கம்பனியின் பொறுப்பை நீக்காது. இழப்பைப் பின்னர் வங்கியிடம் கோரவே உதவும்.

மாதிரி வினா: பத்திரமின்றிச் சரக்கை ஒப்படைப்பதால் விற்பனையாளருக்கு ஏற்படும் பாதிப்பு யாது?

விடை: பணம் கிடைக்கும் வரை பொருள்கள் மீது அவருக்கிருந்த பிடி இல்லாமற் போகும்.

நாளை உங்களில் ஒருவர் துறைமுக அலுவலகமொன்றில் எழுதுவினைஞராகப் பணியாற்றலாம். "பத்திரம் பிறகு வரும், சரக்கை விடுங்கள்" என்று எவரேனும் கேட்டால், இப்பாடத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.