படிப்படியாகப் பல்கலைக்கழகம்: சமூகவியல் பயில விரும்புவோர்க்கு ஒரு பாடம்

பினாங்குத் தீவின் கிழக்குக் கரையில், ஜார்ஜ் டவுனுக்குத் தெற்கே அமைந்துள்ளது ஜெலுத்தோங். மெல்லும் பசை செய்யப் பால் தந்த ஜெலுத்தோங் மரமே இவ்வூருக்குப் பெயர் தந்தது. பால்மரத் தோட்டங்களை விட்டு வந்த நம் குடும்பங்கள் சிலவும் இங்கு வாழ்கின்றன.

அண்மையில் இவ்வூரில் நாம் நடத்திய விளக்கக் கூட்டத்தின் முடிவில் ஒரு மாணவி நம்மை அணுகினார். "ஐயா, எஸ்.பி.எம். முடித்ததும் ஒரு கல்லூரியில் சேர்ந்தேன். தோட்டம் மூடப்பட்டபோது கிடைத்த இழப்பீட்டுப் பணத்தை அப்பா கட்டணமாகக் கட்டினார். இரண்டாண்டு படித்த பிறகு பல்கலைக்கழகத்திற்கு விண்ணப்பம் செய்தேன். அந்தப் படிப்புக்கு அங்கீகாரமில்லை என்று கூறிவிட்டார்கள். நான் பயில நினைத்தது சமூகவியல். இனி அதற்கு வழியுண்டா?" என்று வினவினார்.

வழியுண்டு. அவருக்கு நாம் கூறிய விடையைச் சற்று விரித்து இங்கே தருகின்றோம்.

சமூகவியல் என்பது யாது?

மனிதர் கூடி வாழும் முறையையும், அம்முறை மாறும் வகையையும் ஆராயும் கல்வியே சமூகவியல். 1838ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிஞர் ஆகஸ்ட் கோம்ட் இத்துறைக்குப் பெயர் சூட்டினார். அமெரிக்க அறிஞர் சி. ரைட் மில்ஸ் 1959இல் வெளியிட்ட நூலில், தனிமனிதரின் தொல்லை வேறு, சமூகத்தின் பிரச்சினை வேறு எனப் பிரித்துக் காட்டினார்.

நம் வாழ்விலிருந்தே இதற்கு ஒரு சான்று காண்போம். ஒரு லயத்தில் ஒரு சிறுவன் பள்ளியை விட்டு நின்றால், அவன் வீட்டு நிலையை விசாரிப்போம். அதே லயத்தில் பத்துச் சிறுவர்கள் நின்றுவிட்டால், பத்து வீடுகளையும் குறை கூறிப் பயனில்லை. பள்ளி எவ்வளவு தொலைவில் உள்ளது, பேருந்து உண்டா, பெற்றோர் விடியுமுன் பெரட்டுக்குச் சென்றபின் பிள்ளைகளை அனுப்புவார் யார் என்றெல்லாம் கேட்க வேண்டும். இவ்வாறு கேட்கப் பழக்குவதே சமூகவியலின் முதற் பாடம்.

நம் நாட்டு அறிஞர் சையது ஹுசேன் அலாத்தாஸ் இத்தகைய வினா ஒன்றை எழுப்பியவர். மலாய்க்காரர், ஜாவானியர், பிலிப்பீனியர் ஆகியோர் சோம்பேறிகள் என்று காலனி ஆட்சியாளர் கூறி வந்தனர். அவர்கள் தம் வயலிலும் கடலிலும் உழைத்தவர்கள். அந்நியரின் தோட்டத்திலும் சுரங்கத்திலும் கூலிக்குழைக்க மறுத்ததாலேயே அப்பழி வந்தது என்று 1977இல் வெளிவந்த தம் நூலில் அவர் விளக்கினார்.

நம் தோட்ட வாழ்வும் ஆய்வுக்குரிய பொருளாயிற்று. இந்திய மானிடவியலாளர் ரவீந்திர கே. ஜெயின் 1960களின் தொடக்கத்தில் மலாயா ரப்பர்த் தோட்டம் ஒன்றில் தங்கி ஆராய்ந்தார். 1970இல் அதனை நூலாக வெளியிட்டார். லயத்தில் பிறந்த பிள்ளைக்கு இத்துறையின் பாடப்பொருள் பிறப்பிலேயே கிடைத்துவிட்டது. அதனை ஆராயும் முறையைத்தான் அப்பிள்ளை கற்க வேண்டும்.

பிற நாடும் நம் நாடும்

அமெரிக்காவில் வசதி குறைந்த மாணவர் பலர் முதலில் சமூகக் கல்லூரியில் சேர்கின்றனர். அத்தகைய கல்லூரிகளுள் பழமையானது இல்லினாய் மாநிலத்தின் ஜோலியட் நகரில் 1901இல் ஆறு மாணவர்களுடன் தொடங்கியது. அங்கே குறைந்த கட்டணத்தில் ஈராண்டு பயின்று, சமூகவியல் போன்ற அடிப்படைப் பாடங்களை முடிக்கலாம். ஏறத்தாழ 60 தகுதிப் புள்ளிகளுடன் பல்கலைக்கழகத்துக்கு மாறி, எஞ்சிய 60 புள்ளிகளுக்குரிய பாடங்களை அங்கே பயின்று பட்டம் பெறலாம்.

நம் நாட்டில் சமூகக் கல்லூரிகள் 2001இல் தொடங்கின. பினாங்கு மாநிலத்தில் பாயான் பாருவிலும் கெப்பாலா பத்தாஸிலும் இவை உள்ளன. ஆயினும் இவை பெரும்பாலும் தொழில் திறன் கற்பிப்பவை. பெயர் ஒன்றே என்பதால் பணியும் ஒன்றே என எண்ணலாகாது. சமூகவியல் பயில விரும்புவோர்க்கு வேறு படிகள் உள்ளன.

முதலாவது, ஆறாம் படிவம் பயின்று எஸ்.டி.பி.எம். எழுதுதல். கட்டணச் சுமை மிகக் குறைந்த வழி இதுவே. இரண்டாவது, அங்கீகாரம் பெற்ற அடிப்படைக் கல்வியோ டிப்ளோமாவோ முடித்து விண்ணப்பித்தல். மூன்றாவது, பணி அனுபவத்தைத் தகுதியாகக் கொள்ளும் ஏப்பெல் முறை. 21 வயது நிறைந்து, துறைக்கேற்ற அனுபவமுடையோர் மதிப்பீட்டில் தேறினால், இம்முறையை ஏற்கும் பல்கலைக்கழகங்களில் இளங்கலைப் படிப்புக்கு விண்ணப்பிக்கலாம்.

இப்படிகள் சென்று சேரும் வாயில்களுள் ஒன்று ஜெலுத்தோங்கிற்கு அண்மையிலேயே உள்ளது. 1969இல் தொடங்கப்பெற்ற மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் குளுகோரில், முன்னாள் மிண்டன் இராணுவ முகாமில் அமைந்துள்ளது. அங்குள்ள சமூக அறிவியல் கல்விப் பிரிவில் மானிடவியலும் சமூகவியலும் கற்பிக்கப்படுகின்றன. வேலை பார்த்துக்கொண்டே பயில்வோர்க்கென 1971இல் வெளிவளாகக் கல்வித் திட்டத்தை நம் நாட்டில் முதன்முதலாகத் தொடங்கியதும் அப்பல்கலைக்கழகமே. தொடக்கக் காலத்தில் அம்மாணவர்கள் பல்லாண்டு வீட்டிலிருந்தே பயின்று, இறுதியாண்டில் வளாகத்திற்கு வந்து முழுநேரம் கற்றனர். அத்திட்டத்தில் பணியாற்றிய கஜராஜ் தனராஜன் பின்னாளில் பினாங்கில் அமைந்த வவாசான் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தரானார். படிப்படியாக வந்தவர் தாழ்ந்தவர் அல்லர் என்பதற்கு அந்த வெளிவளாக மாணவர்களே சான்றாவர்.

பணம் கட்டுமுன் கேட்க வேண்டியவை

படி உறுதியானதா என்று பார்த்தே கால் வைக்க வேண்டும். எந்தக் கல்லூரியில் சேர்ந்தாலும் மூன்று வினாக்களைத் தவறாது கேளுங்கள்.

ஒன்று: இப்படிப்புக்கு மலேசியத் தகுதி முகவாண்மையின் அங்கீகாரம் உண்டா? கல்லூரிக்கு உரிமம் இருப்பது வேறு, படிப்புக்கு அங்கீகாரம் இருப்பது வேறு. முகவாண்மையின் பதிவேட்டை இணையத்தில் யாரும் பார்க்கலாம்.

இரண்டு: எந்தப் பல்கலைக்கழகம் இதனை ஏற்கும்? எத்தனை தகுதிப் புள்ளிகள் அங்கே கணக்கில் கொள்ளப்படும்? விடையை எழுத்தில் பெறுங்கள். அப்பல்கலைக்கழகத்திடமும் நேரே கேளுங்கள்.

மூன்று: எவ்வளவு தேர்ச்சி வேண்டும்? மலாய், ஆங்கில மொழித் தகுதிகள் யாவை?

இவற்றைக் கேட்பது மரியாதைக் குறைவாகாது. சந்தையில் மீன் வாங்கும்போது செவுளைத் திறந்து பார்க்கிறோம். ஆண்டுக்கணக்கான உழைப்பின் பணத்தைக் கட்டும்போது ஏன் தயங்க வேண்டும்?

நம்மிடம் வினவிய மாணவி இப்போது பகலில் கடையொன்றில் வேலை செய்து, இரவில் பயின்று, எஸ்.டி.பி.எம். தேர்வைத் தனித்தேர்வராக எழுத ஆயத்தமாகி வருகிறார். இழந்த ஈராண்டும் தந்தையின் பணமும் மீளப் போவதில்லை. தாம் பட்ட இழப்பு தம் வீட்டோடு நின்றதா, தம் பகுதியில் வேறு பிள்ளைகளுக்கும் நேர்ந்ததா என்று அவர் கேட்டறிந்து குறித்து வருகிறார். சமூகவியலின் முதற் பாடத்தை அவர் தொடங்கிவிட்டார் என்றே நாம் கருதுகிறோம்.

பயிற்சி

1. உங்கள் குடியிருப்பில் ஐந்து குடும்பங்களைக் கேட்டு, பாட்டனார், தந்தையார், பிள்ளைகள் செய்த தொழில்களை வரிசைப்படுத்துக.

2. அவற்றில் நேர்ந்த மாற்றங்களுள் குடும்பம் தேர்ந்துகொண்டவை எவை, சூழ்நிலையால் வந்தவை எவை எனப் பிரித்து எழுதுக.

3. நீங்கள் சேர விரும்பும் படிப்பைக் குறித்து மேற்கண்ட மூன்று வினாக்களுக்கும் விடை தேடுக.