ஒரு குவாட்டரில் எத்தனை கிராம்?

போதை மீட்பு ஆலோசகர் படிப்புக்கு விண்ணப்பம் வாங்கப் போனால், வாங்குகிற இடத்திலேயே ஒருவர் உங்களிடம் கேட்பார்: "உங்களுக்கு எதுக்கும்மா கெமிஸ்ட்ரி? நீங்க பேசத்தானே போறீங்க?" என்னிடம் கேட்டவர் அந்தப் பட்டயப் படிப்பின் ஒருங்கிணைப்பாளர். அவர் பெயரும் கல்லூரியின் பெயரும் இங்கே வராது. மீன்சுருட்டியில் பஸ் ஏறினால் போய்ச் சேர்ந்துவிடுகிற தூரத்தில்தான் இன்னும் இருக்கிறார்.

ப்ளஸ் டூவில் நீங்களும் என்னைப் போல வரலாறு, பொருளியல் குரூப்தான் எடுத்திருப்பீர்கள். சயின்ஸ் குரூப் என்றால் டியூஷன் செலவு என்று வீட்டில் பயந்திருப்பார்கள். பிறகு பி.ஏ., கல்யாணம், வீட்டில் ஒரு குடிகாரர். எங்கள் வீட்டில் அது அண்ணன். சும்மா பொழுதுபோகாமல் யாரும் இந்தப் படிப்புக்கு வருவதில்லை.

டி.சி., சாதிச் சான்று, பட்டச் சான்று, கட்டணம் எல்லாவற்றையும் ஜெயங்கொண்டத்தில் நெட் சென்டர் தம்பியே ஏற்றிக் கொடுத்துவிடுவான். அதில் சொல்வதற்கு ஒன்றுமில்லை. விருப்பப் பாடம் என்று ஒரு கட்டம் வருமே, அங்கேதான் நிதானிக்க வேண்டும். எனக்கு அந்தக் கட்டத்தில் இரண்டு தாள்கள் இருந்தன. ஒன்று அடிப்படை வேதியியல், சனிக்கிழமை ஆய்வகத்தோடு. இன்னொன்று ஆளுமைத் திறன், சனிக்கிழமை விடுமுறையோடு. ஒருங்கிணைப்பாளர் பேச்சைக் கேட்டு ஆளுமைத் திறனில் டிக் அடித்தேன். எப்படிக் கைகுலுக்குவது என்று ஒரு பருவம் முழுக்கக் கற்றுக்கொடுத்தார்கள்.

ஆலோசனை வகுப்புகள் நன்றாகவே நடந்தன, அதை மறைக்க மாட்டேன். குடிப்பவரை அதட்டாமல், மாற வேண்டும் என்ற பேச்சை அவர் வாயிலிருந்தே வரவழைக்கிற முறையை வில்லியம் மில்லர் 1983-ல் எழுதினார். குடிப்பழக்கத்தை மதிப்பிட உலக சுகாதார நிறுவனத்தின் 10 கேள்விப் படிவம் இருக்கிறது. சென்னையில் சாந்தி ரங்கநாதன், குடியால் கணவரை இழந்த பிறகு 1980-ல் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனையின் கதையும் சொன்னார்கள். கேட்ட அன்று இரவு தூக்கம் வரவில்லை. ஆனால் எந்த வகுப்பிலும் ஒரு மாத்திரை அட்டையைக் கையில் எடுத்துக் காட்டவில்லை.

களப்பயிற்சிக்கு ஒரு மையத்தில் இருந்தபோது, முந்திரி உடைக்கிற பெண் ஒருத்தி புருஷனை ஷேர் ஆட்டோவில் அழைத்து வந்தாள். அவருக்கு முகம், கழுத்து, காது மடல் எல்லாம் செக்கச்செவேல் என்றிருந்தது. நெஞ்சு அடித்துக்கொள்வது சட்டைக்கு மேலேயே தெரிந்தது. வாந்தி வேறு. அவள் என் காதருகே குனிந்து, "அக்கா, அவருக்குத் தெரியாம ரசத்துல மாத்திரைய கரைச்சுக் குடுத்தேன். ரெண்டு நாள் சும்மா இருந்தாரு. இன்னைக்குக் குடிச்சுட்டு வந்துட்டாரு" என்றாள். வகுப்பில் சொல்லிக்கொடுத்ததை நான் அச்சுப் பிசகாமல் செய்தேன். உட்காரவைத்தேன், குறுக்கே பேசாமல் கேட்டேன், தலையாட்டினேன். அவள் முந்தானையில் முடிந்திருந்த அட்டையை நர்ஸ் சிஸ்டர் பிடுங்கிப் பார்த்தார். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு 108-க்குப் போன் போட்டார். அந்த மனிதர் பிழைத்துக்கொண்டார். சிஸ்டரின் அந்தப் பார்வை ஒருங்கிணைப்பாளர் மேல் விழுந்திருக்க வேண்டியது.

அட்டையில் இருந்தது டைசல்ஃபிராம். உடம்பில் சாராயம் முதலில் அசிட்டால்டிஹைடாக மாறும், அது பிறகு அசிட்டிக் அமிலமாகிக் கழியும். இந்த மாத்திரை அணைக்கரையில் மதகை இறக்கியது மாதிரி இரண்டாவது படியை அடைத்துவிடும். நச்சு அசிட்டால்டிஹைடு மேலே தேங்கி நிற்கும். அதனால்தான் சிவப்பும் படபடப்பும் வாந்தியும், சிலருக்கு ரத்த அழுத்தம் விழுவதும். கோபன்ஹேகனில் ஹால்ட், யாகோப்சன் என்ற இருவர் குடற்புழு மருந்தாகுமா என்று இதைத் தாங்களே விழுங்கிப் பார்த்தார்கள். மது அருந்தியதும் அது உடம்பைப் புரட்டிப் போட்டது. 1948-ல் எழுதி வெளியிட்டார்கள். டாக்டர் பரிசோதித்து, குடிப்பவரும் சம்மதித்து, வாயில் போடுகிற மாத்திரை இது. நிறுத்திய பிறகும் இரண்டு வாரம் வரை வேலை காட்டும். ரசத்தில் கரைப்பதற்கு இல்லை. இவ்வளவும் அடிப்படை வேதியியலில் ஆல்கஹால் ஆக்ஸிஜனேற்றம் என்ற ஒரே பாடத்துக்குள் அடங்கும்.

மறு வருஷம் அந்தத் தாளைத் தனியாகப் பணம் கட்டி எடுத்தேன். என் பையன் வயசுப் பிள்ளைகளோடு வெள்ளைக் கோட்டு போட்டு நின்றேன். முதலில் மோல் கணக்கு அழவைக்கும், விட்டுவிடாதீர்கள். நம் ஊர்க்காரர்களுக்கு வேதியியல் புதிதும் இல்லை. முந்திரி உடைக்கிற பெண்கள் கையில் சாம்பல் தடவிக்கொள்கிறார்களே, ஓட்டு எண்ணெயில் இருக்கிற அமிலத்துக்குச் சாம்பலின் காரம் எதிர்.

ஒரு சனிக்கிழமை, சோதனைக் குழாயில் அமிலம் கலந்த பொட்டாசியம் டைகுரோமேட். நல்ல ஆரஞ்சு நிறம். சில சொட்டு எத்தனால் விட்டு லேசாகச் சூடுபடுத்தினேன். அடியிலிருந்து மங்கி, அழுக்குப் பழுப்பாகி, பச்சைக்கு வந்தது. மூக்கில் அழுகிய ஆப்பிள் வாசனை. அதுதான் அசிட்டால்டிஹைடு. குடித்தவரின் மூச்சைப் பிடிக்க 1954-ல் அமெரிக்காவில் போர்கன்ஸ்டைன் செய்த கருவிக்குள் இருந்ததும் இதே டைகுரோமேட் கரைசல்தான். அண்ணனின் ஈரலுக்குள் தினமும் ராத்திரி நடப்பதை ஒரு கண்ணாடிக் குழாயில் பார்த்தேன். அண்ணன் இன்னும் குடிக்கிறார், அது வேறு விஷயம்.

இப்போது மையத்துக்கு வருகிறவர்களிடம் நான் அறிவுரை சொல்வதில்லை, கணக்குப் போடுகிறேன். குவாட்டர் 180 மில்லி. பாட்டிலில் 42.8 சதவீதம் என்று போட்டிருக்கும். அப்படியானால் தனி ஆல்கஹால் 77 மில்லி. அடர்த்தி 0.789-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 61 கிராம். ஈரல் ஒரு மணி நேரத்துக்கு 7 முதல் 10 கிராம் வரைதான் கழிக்கும். பள்ளி வேன் ஓட்டுகிற ஒருவர், "ராத்திரி பத்து மணிக்கு ஒரு குவாட்டர் மேடம், காலைல தெளிஞ்சுடும்" என்றார். பேப்பரில் எழுதிக் காட்டினேன். மெதுவான ஈரல் என்றால் முழுக்கக் கழிய காலை ஏழு மணிக்கு அருகில் வந்துவிடும். அவர் வண்டி எடுப்பது ஆறரைக்கு. "அப்ப கட்டிங்னா?" என்று கேட்டார். அதற்கும் போட்டுக் கொடுத்தேன். குறைப்பதைப் பற்றி அவராகவே பேசத் தொடங்கியது அந்தப் பேப்பரைப் பார்த்த பிறகுதான். மில்லர் சொன்னதும் இதைத்தானே.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் 60-க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றபோது, அதே மெத்தனால் பற்றி மையத்தில் விளக்க என்னால் முடிந்தது. பார்வைக்கும் வாசனைக்கும் எத்தனாலும் மெத்தனாலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். மெத்தனாலில் கார்பன் ஒன்று குறைவு, அவ்வளவே. ஆனால் அது ஃபார்மிக் அமிலமாகிக் கண் நரம்பைத் தின்னும். அந்த வாரம் செய்திகளில் ஒமிபிரசோல், ஃபோமெபிசோல் என்று இரண்டு மருந்துப் பெயர்கள் குழம்பிக் கிடந்தன. ஒன்று அல்சர் மாத்திரை, மற்றது மெத்தனால் நஞ்சாக மாறுவதை முதல் படியிலேயே தடுக்கிற மருந்து. இதை டீக்கடையில் நின்று விளக்கினேன். "நீ என்ன டாக்டரா?" என்று ஒருத்தர் கேட்டார். ஆளுமைத் திறன் அங்கேதான் கொஞ்சம் உதவியது.

ஆகவே சேரும்போது மூன்று விஷயம் கேளுங்கள். களப்பயிற்சிக்கு அனுப்புகிற மையம் மாநில மனநல ஆணையத்தில் பதிவானதா? அங்கே டாக்டர் வருகிறாரா? நாள்பட்ட குடிகாரரைக் கோயிலில் கயிறு கட்டி ஒரே நாளில் நிறுத்தவைத்தால் வலிப்பு வரலாம், இரண்டு மூன்று நாளில் பிதற்றலும் வரலாம். டாக்டர் இல்லாத மையத்தில் நீங்கள் என்ன பேசி என்ன? மூன்றாவது, வேதியியல் தாள் ஆய்வகத்தோடு இருக்கிறதா, புத்தகத்தோடு மட்டுமா? புத்தகம் மட்டும் என்றால் அந்தப் பணத்தை மிச்சப்படுத்துங்கள்.

ஆய்வகம் உண்டு என்றால் சனிக்கிழமை போகிறதே என்று பார்க்காதீர்கள், மாமியாரிடம் இப்போதே சொல்லிவைத்துவிடுங்கள். கோட்டு சொந்தமாகத் தைத்துக்கொள்ளுங்கள், வாடகைக் கோட்டில் பழைய ஆசிட் ஓட்டை இருக்கும். பிப்பெட்டை வாயால் உறிஞ்சச் சொன்னால் மறுத்துவிட்டு ரப்பர் பல்பு கேளுங்கள். இல்லை என்றால், வரும்வரை பியூரெட் பக்கம் நின்றுகொள்ளுங்கள்.